கை துடைத்த கடதாசி

சென்ற ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றிலே, பதுளை நகரில் அலுவல் ஒன்றை முடித்துக்கொண்டு அங்குள்ள சாப்பாட்டுக்கடை ஒன்றிற் சோறுண்டேன். கை கழுவுமிடத்துக் குழாயில் அன்று நீர் வரவில்லை. போத்தலில் எஞ்சியிருந்த நீரை விட்டு விரல்களை நனைத்துக்கொண்டு, மேசைமேல் ஒரு பேணியிற் செருகியிருந்த கடதாசித் துண்டுகளுள் ஒன்றை உருவித் துடைத்தேன்.

நம்மூர்க் கடைகளில் உண்டு பழகியோர் அக்கடதாசியை நன்கு அறிவர். பழைய பத்திரிகை, தீர்ந்துபோன கணக்குப் புத்தகம், எப்போதோ நடந்த பரீட்சையின் வினாத்தாள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுண்டு அப்பேணியுள் நிற்கும். நானும் பல்லாண்டுகளாக அவற்றால் விரல் துடைத்து எறிந்தவனே. அன்று மட்டும், எறியுமுன் அதனைப் பார்த்துவிட்டேன். பருப்புக்கறியின் மஞ்சட் கறைக்கு அடியிலே சிவப்பு மை தெரிந்தது. அந்தச் சிவப்பு மை என்னுடையது.

அஃது என் வகுப்பு மாணவியொருத்தியின் கட்டுரைக் கொப்பியிலிருந்து வெட்டிய தாள். “பாடசாலைக்கு செல்வேன்” என்று அவள் எழுதியிருந்தாள். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் ஒரு ‘ச்’ இட்டு நான் திருத்தியிருந்தேன். சாதாரணதரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் அப்பிள்ளை வரவு நின்றது. கொழும்பிலே ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று உடன்பயின்றோர் கூறினர். நான் இடாப்பில் அவள் பெயருக்கு எதிரே குறியிட்டுக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். கொப்பிகள் பழங்கடதாசியோடு நிறுத்து விற்கப்பட்டுக் கடைக்கு வந்துவிட்டன. ஒற்று மிகவேண்டிய இடத்தை அறிந்த எனக்குப் பிள்ளை செல்லவேண்டிய இடத்தைக் காக்கத் தெரியவில்லை.

கை துடைக்கும் துணியைப் பற்றி ஒரு பண்டிதன் எழுதலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். எழுதவேண்டும் என்றே அன்று எனக்குத் தோன்றிற்று.

சொல்லாராய்ச்சி என் தொழில். ஆதலின் முதலிற் பெயரை நோக்குவோம். உணவு மேசையில் வைக்கும் இத்துணிக்கு ஆங்கிலத்தில் இரு பெயர்கள் உள. ஒன்று ‘நப்கின்’. மேசைவிரிப்பைக் குறிக்கும் ‘நாப்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லோடு குறுமை காட்டும் ஈறு சேர்ந்து ஆகியது. ‘சிறு துணி’ என்பது பொருள். நாம் கைக்குட்டை என்னுஞ் சொல்லிற் ‘குட்டை’ என்று வழங்குவதும் அக்குறுமையையே. ‘நாப்’ என்பதற்கு மூலம் ‘மாப்பா’ என்னும் இலத்தீன் சொல். உலகப்படத்தை ஆங்கிலேயர் ‘மாப்’ என்பதும் அதன் வழிவந்ததே. பண்டை உரோமாபுரியில் விருந்துக்குச் செல்வோர் தத்தம் மாப்பாவைத் தாமே கொண்டுசெல்வர். உண்டு மிஞ்சியதை அதிலே முடிந்துகொண்டு வீடு திரும்புவோரும் இருந்தனர்.

மற்றைப் பெயர் ‘சேவியற்’. ஊழியஞ்செய்தல், பரிமாறுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாய்ப் பிறந்தது அது. 1954இல் அலன் றொஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், இங்கிலாந்தின் மேற்குடியினர் ‘நப்கின்’ என்றும் ஏனையோர் ‘சேவியற்’ என்றும் வழங்குவதை எடுத்துக்காட்டினார். ஒரு முழத்துணிக்கு இடும் பெயரே ஒருவரின் குடியைக் காட்டிக்கொடுத்தது! இலங்கையராகிய நமக்கு வந்து வாய்த்தது இரண்டாவது பெயர்.

தமிழுக்கு வருவோம். துணி, துண்டு, அறுவை என்னும் மூன்றும் வெட்டுதல் என்னும் பொருள் பற்றி எழுந்த பெயர்கள். தறியிலிருந்து துணித்தது துணி, அறுத்தது அறுவை. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருந்தார். துணி விற்றவர் பாட்டும் பாடினார். மேசை, துவாய், லேஞ்சி என்பனவோ போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்தவை. தோட்டத்து மக்கள் தம் லயத்து அறையைக் காம்பரா என்கின்றனரே, அதுவும் அவ்வழி வந்ததே. மேசையின் பெயர் அயலாரிடமிருந்து வந்தது மெய். ஆயினும், விருந்தினர்முன் வெள்ளைத் துணியை விரிக்கும் வழக்கம் அயலாரிடமிருந்து வந்ததன்று. மணவீட்டிலே வெள்ளை கட்டுதலும், வருகின்ற பெரியோர்க்கு நிலபாவாடை விரித்தலும், கை கழுவச் செம்பில் நீர் வார்த்துத் துடைக்கத் துணி நீட்டுதலும் நம் முன்னோர் அறிந்தவையே. உண்ணவருபவரின் கைக்கு யாது வேண்டும் என்று அவர் வருமுன்பே இன்னொருவர் நினைத்து எடுத்துவைப்பதே இத்துணியின் பொருள். மடிப்பும் கஞ்சியும் வளையமும் அதற்குப் பின் வந்தவை.

இந்த நினைப்பு யாருக்காக நினைக்கப்பட்டது என்பதே நம் மாகாணத்தின் கதை. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்திலே தோட்டங்களை வாங்கினார். 1924இற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. பசறையிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் மலைச்சரிவெங்கும் தேயிலை நிறைந்தது. மலையுச்சியிற் பங்களா, பள்ளத்தில் லயம். பங்களாவின் மேசைக்கு வெண்டுணி வந்தது. அதனைத் துவைத்து, கஞ்சியிட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, மடித்து வைத்த கைகள் நம்மவர் கைகள்.

என் பாட்டனார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் ‘அப்பு’வாக இருந்தவர். சமையலும் பரிமாறலும் அவர் பொறுப்பு. முதுமையில், லயத்துத் திண்ணையில் அமர்ந்து, என் தந்தையாரின் தோட்துண்டை எடுத்து அவர் எனக்கு மடித்துக்காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அத்துண்டு அவர் விரல்களிடையே விசிறியாகும்; தாமரையாகும்; பாதிரிமாரின் உயர்ந்த முடியாகும். இலக்கணச் சூத்திரம் ஒப்பிப்பார் போல அவர் விதிகளையும் ஒப்பிப்பார். துணி உண்கலத்தின் இடப்புறம் இருத்தல் வேண்டும். அமர்ந்தவுடன் விரித்து மடியில் இடல் வேண்டும். உதட்டை ஒற்றலாம், தேய்த்தலாகாது. இடையில் எழுந்தால் நாற்காலியில் வைக்கவேண்டும். உண்டு முடிந்தபின் மேசைமேல் தளர விடவேண்டும். முன்போல மடித்து வைத்தால், துவைக்காமலே மறுமுறை வைக்கலாம் என்று பொருளாகிவிடுமாம். வீட்டார் மட்டும் தத்தம் துணியை வெள்ளி வளையத்துட் செருகி வைப்பர். அடுத்த வேளைக்கு அவரவர் துணி அவரவர்க்கே வரவேண்டும் என்பதற்காக.

“தாத்தா, நீங்கள் மடியில் போட்டதுண்டா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தார். “நம்ம மடிக்கு அது எதுக்கு? நமக்குக் கைமேல போட்டுக்கிறதுதான் முறை,” என்றார். பரிமாறுவோன் இடக்கையில் துணி தொங்கவேண்டும் என்பதும் விதிகளுள் ஒன்று.

அதே காலத்திலே பங்களாவுக்கு வெளியே துணிக்கு வேறு விதி நிலவிற்று. துரை எதிரே வந்தால் தோளிலிருந்த துண்டு கீழே இறங்கவேண்டும், தலைப்பாகை அவிழவேண்டும், நடப்பவன் பாதையை விட்டு ஒதுங்கவேண்டும். உள்ளே விரித்து வைத்த துணி ஒருவருக்கு மதிப்பு. வெளியே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிய துணி இன்னொருவருக்கு இழிவு. இரண்டும் பருத்தி நூல் தான்.

கொழுந்தெடுக்கச் சென்ற பெண்களிடமும் துணி இருந்தது. பெரட்டுக்களத்துக்கு விடியலிற் செல்லும்போது, கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் ஒரு துண்டிலே முடிந்து எடுத்துச்செல்வர். பத்து மணியளவில், தேயிலைச் செடிகளின் இடையே நின்றவாறே அம்முடிச்சை அவிழ்த்து உண்பர். அத்துணியே பாத்திரம், அதுவே மேசை, உண்டபின் கை துடைப்பதும் அதுவே. அந்த முடிச்சைப் பார்த்த எனக்கு உரோமாபுரியின் மாப்பாவைப் பற்றிப் படித்தபோது வியப்பேதும் உண்டாகவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் என் பாட்டனாரை நாடற்றவராக்கிற்று. 1964இற் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தஞ்செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று வைத்தனர். எஞ்சியோர்க்கும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. அதற்குள் பாட்டனார் மாண்டுபோனார். வாழ்நாள் முழுவதும் வெண்டுணி மடித்த அவருக்கு, இந்நாட்டவர் என்று சொல்ல ஒரு கடதாசி இல்லாமற் போயிற்று.

1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவருடைய துரை ஊர் திரும்பினார். போகும்போது கொடுத்த பொருள்களுள் ஒரு வெண்டுணியும் இருந்தது. அதன் மூலையிலே ஆங்கில எழுத்தொன்று வெள்ளை நூலாற் பின்னியிருந்தது. பாட்டி அதனைத் துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டார் எவரும் அதிற் கை துடைத்ததை நான் கண்டதில்லை. ஒரே ஒருமுறை அது வெளியே வந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காலத்துத் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேற் கற்க நகரத்துக்குச் செல்லவேண்டும். பேருந்துக் காசும் சீருடையும் எங்கள் வீட்டு நிலைக்கு எட்டாதவை. என்னை மலையில் வேலைக்குப் பதிந்துவிடலாம் என்பது தந்தையாரின் எண்ணம். அதையறிந்த எங்கள் ஆசிரியர் ஒரு மாலை மழையிலே இரண்டு மைல் நடந்து லயத்துக்கு வந்தார். காம்பராவுக்குள் நாற்காலியில்லை, கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் அமர்ந்தார். பாட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்தார். செம்பில் நீர் வார்த்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெண்டுணியை எடுத்து இரு கையாலும் நீட்டினார். ஆசிரியர் அதைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, ஈரக்கையை அதிலே மெல்ல ஒற்றிக்கொண்டார். துரைமாருக்கென்று நெய்த துணி முதன்முதல் ஓர் ஏழை வாத்தியாரின் கையைத் துடைத்தது. தந்தையார் அன்றிரவே என்னைப் பள்ளிக்கு விடச் சம்மதித்தார்.

பின்னர் நான் கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் பயின்றேன், பண்டிதனானேன், ஆசிரியனானேன். என் கதையைச் சொல்வது என் பெருமைக்கன்று. எனக்காக ஒருவர் மழையில் நடந்தார். என் மாணவிக்காக நான் நடக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவே சொல்கிறேன்.

இனி அந்தக் கடைக்குத் திரும்புகிறேன். கடை முதலாளியிடம் அத்தாளைக் காட்டி, “எழுத்துள்ள கடதாசியை இப்படி வெட்டி வைக்கலாமா?” என்று கேட்டேன். அவர் நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. “மாஸ்டர், பழைய கடதாசியை நாங்க நிறையில வாங்குறோம். யாரு எழுதினதுன்னு பார்த்தா வாங்குறோம்? வெள்ளைக் கடதாசி வைச்சா ரொட்டி விலை ஏறும். ஏறினா முதல்ல நீங்கதான் கேப்பீங்க,” என்றார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. பழைய கொப்பியைக் காசாக்குபவர் மீதும் குற்றமில்லை. அக்காசு அன்றைக்கு ஒரு கொத்து அரிசிக்கு உதவியிருக்கும்.

ஆயினும் சில சொல்லவேண்டியுள. அச்சுமை உணவோடு சேர்தல் உடலுக்குத் தீது. 2016இல் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, பத்திரிகைத் தாளில் உணவைப் பொதிவதும் பரிமாறுவதும் ஆகாது என எச்சரித்தது. அது விரலுக்கும் வாய்க்கும் பொருந்தும். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. எழுத்துள்ள தாளிற் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம். மறுகணம் அதே தாளில் எண்ணெய்க் கையைத் துடைத்துக் கீழே எறிந்து மிதிக்கிறோம். பிள்ளை எதனை நம்பும்? 2022 மார்ச்சில், அச்சிடக் கடதாசி கிடையாமல் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்துவிட்டோமா?

இவ்விடத்து ஒருவர் வினவலாம்: கையால் உண்ணும் நமக்குத் துணி எதற்கு? நீர் போதாதா? நீரே முதன்மையானது, ஐயமில்லை. கரண்டியால் உண்போருக்கு ஏற்பட்ட துணியை நாம் மடியில் விரித்துக்கொண்டு அமரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழாயில் நீர் வருமாயின் பேணியிலே கடதாசி எதற்கு? ஆதலின் கடைக்காரரிடம் முதலிற் கேட்கவேண்டியது நீர். நீருக்குப்பின், ஈரங்கையைத் துடைக்க ஒன்று வேண்டும். அதற்கு அவரவர் பையில் ஒரு சிறு சவுக்கம் போதும்.

இன்னொருவர் வினவலாம்: துணியை யார் துவைப்பது? வீட்டுப் பெண்களுக்கு மேலும் ஒரு வேலையா? இக்கேள்வி கூர்மையானது; பங்களாவின் துணி வெள்ளையாயிருந்ததற்குக் காரணமே, துடைத்தவர் வேறு, துவைத்தவர் வேறு என்பதுதான். அந்த முறை நமக்கு வேண்டாம். துடைத்தவரே துவைக்கட்டும். அன்றுமுதல் நான் ஒரு துணியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மாலையில் நானே கசக்கிக் கொடியில் இடுகிறேன். கால் நாழிகை வேலை கூட இல்லை. பாடசாலையில் உணவு பெறும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதனையே பழக்கலாம். பழைய வேட்டியைக் கிழித்தால் ஒரு வகுப்புக்கே துணி கிடைக்கும். மூலையிலே தன் பெயரின் முதலெழுத்தைப் பிள்ளையே தமிழில் நூலாற் பின்னட்டும். ஆணும் பெண்ணும் பின்னட்டும். ஆணும் பெண்ணும் துவைக்கட்டும்.

பாடசாலைகளுக்கும் ஒன்று சொல்வேன். வருடமுடிவிலே கொப்பிகளைப் பழங்கடதாசியாகத் தள்ளுமுன், ஒவ்வொரு பிள்ளையின் கட்டுரைக் கொப்பியையாவது எடுத்து வையுங்கள். வரவு நின்ற பிள்ளையின் கொப்பியை முதலில் எடுத்து வையுங்கள். அதனைக் கொடுக்கும் சாக்கிலாவது ஓர் ஆசிரியர் அவ்வீட்டு வாசலை மிதிப்பார்.

சோறுண்ட அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறன்று நான் சென்றேன். பேருந்தை விட்டிறங்கி ஏறத்தாழ ஒரு மைல் ஏற்றம். மழையில்லை. பிள்ளையின் தாய் வேலை முடிந்து வந்து படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றார். “வாங்க சேர், உள்ளுக்கு வாங்க,” என்று அழைத்தார். மகள் கொழும்பிலே நன்றாயிருப்பதாகவும், சித்திரை வருடப்பிறப்புக்கு வருவாள் என்றும் கூறினார். பரீட்சையை அடுத்த ஆண்டு வெளிவாரியாகவும் எழுதலாம் என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியும் ரொட்டியும் வந்தன. உண்டபின் செம்பில் நீர் வார்த்தார். சுவரோரத்துப் பெட்டியைத் திறந்து, துவைத்து மடித்த ஒரு வெள்ளைத் துவாயை எடுத்து இரு கையாலும் நீட்டினார்.

என் சட்டைப்பையிலே மஞ்சட் கறை படிந்த அக்கடதாசி இருந்தது. அதை வெளியில் எடுக்க எனக்குத் துணிவில்லை. கையை ஒற்றிக்கொண்டு, துவாயைத் திருப்பிக் கொடுத்தேன். மகளின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். சித்திரையில் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.